கஸ்பாரின் எண்பத்தொரு துண்டுகள்

அன்று காலை ஏழரை மணிக்குப் புன்னைமுனைக் கரையில் நின்றவர்கள்: பங்குத்தலைவர் தொபியாஸ், வலையிழுத்து வந்த மெல்கியோர், அவனோடு வள்ளத்தில் போயிருந்த இரண்டு பேர், குடைப்பாரில் பங்குள்ள மற்ற ஆறு பேர், கோயில் உபதேசியார், ஏலம் கூறுகிறவர், பங்கில்லாத வள்ளக்காரன் பொனிப்பாஸ், கூடையோடு காத்திருந்த பெண்கள் நான்கு பேர், கித்தேரி. ஆகப் பதினெட்டு. ஐஸ் வண்டிக்காரர் வண்டியைவிட்டு இறங்கவில்லை, அதனால் அவர் கணக்கில் இல்லை. வலையில் வந்த கஸ்பாரைப் பத்தொன்பதாவது ஆளாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் தகராறு தொடங்கியது.

மெல்கியோரின் வலையில் அன்று இருபத்துமூன்று சிங்கி இறாலும் இரண்டு கல்நண்டும் இருந்தன, அவற்றுக்கு நடுவே, கைகளை மடித்துக்கொண்டு, அவனுடைய அண்ணன் கஸ்பார் இருந்தான். கித்தேரியின் புருஷனான இந்தக் கஸ்பார், இருபது நாளுக்கு முன்பு, கடலுக்கடியில் பாறைத் திட்டாகக் கிடக்கும் குடைப்பாரில் சிங்கி பிடிக்க முங்கியவன், மேலே வரவில்லை. இப்போது வந்ததும் முழுக் கஸ்பார் அல்ல. சிங்கி வளர்கிற காலத்தில் அதன் முதுகு வெடித்து, பழைய ஓட்டைச் சட்டைபோலக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடும், மீசையும் காலும் கண்மூடியும் அப்படியே இருக்க உள்ளே ஒன்றும் இருக்காது. அதுபோலக் கஸ்பாரின் பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரே நேர்க்கோடாக வெடித்திருந்தது. தேன் நிறத்தில், வெயிலை உள்ளே விட்டுக்கொண்டு, அம்மை குத்திய தழும்பும் துடுப்பு பட்டுக் கிழிந்த இடப்புருவமும் மாறாமல், நகம் பத்தும் குறையாமல் இருந்தான். தராசில் வைத்தார்கள். ஒரு கிலோ நூற்றைம்பது கிராம்.

"இதுக்கும் ஏலம் கூறவா?" என்று ஏலக்காரர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவரை அதட்டவும் இல்லை.

"இது பொணம்," என்றான் மெல்கியோர். "அண்ணன் செத்தாச்சு. இன்னைக்கே அடக்கம் பண்ணிருவோம்."

"பொணம்னா உள்ள இருந்த ஆளு எங்க?" என்று கேட்டாள் கித்தேரி. "முதுக வெடிச்சிட்டு வெளிய போனவர எங்க வச்சு அடக்கம் பண்ணுவிய?"

கூடைக்காரிகளில் ஒருத்தி, "சட்டை கண்டா பாரை அடைக்கணும்லா?" என்றாள். அது அந்த ஊரின் வழக்கம். சட்டை கழற்றிய சிங்கி இளநீர் வழுக்கைபோல மெத்தென்று கிடக்கும், ஓடு இறுகும்வரை குகையைவிட்டு வராது, அதைப் பிடித்தால் ஐஸ் வருவதற்குள் அழுகும். அதனால் இருபத்தொரு நாள் யாரும் அந்தப் பாரில் இறங்க மாட்டார்கள். தொபியாஸ் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் மணலில் விரலால் கணக்குப் போட்டார். முந்நூறு கிராம் சிங்கிக்கு இருபத்தொரு நாள் என்றால், அறுபத்துநாலு கிலோ கஸ்பாருக்கு நாலாயிரத்து நானூற்றெண்பது நாள்.

"பன்னெண்டு வருசமும் நூறு நாளும்," என்றார் உபதேசியார். லீப் வருஷங்களைக் கழித்தால் தொண்ணூற்றேழு நாள்தான் வரும், அதை யாரும் கழிக்கவில்லை.

"பன்னெண்டு வருசம் எங்க வாயில மண்ணா?" என்றான் மெல்கியோர். அதோடு அடைப்புப் பேச்சு முடிந்தது.

ஆனால் முறை இருந்தது. குடைப்பாரில் ஒன்பது பங்கு, ஒன்பது நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பங்குக்கும் பார் சொந்தம். ஒரு பங்கின் முறைநாளில் அந்தப் பங்குக்காக ஒருவர் தண்ணீரில் இறங்கியாக வேண்டும். மூன்று முறை யாரும் இறங்காவிட்டால் பங்கு அடுத்த ரத்தத்துக்குப் போகும், பங்கு நிலத்தில் கட்டிய வீடும் கூடவே போகும். கஸ்பார் இல்லாமல் இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவதுக்கு ஏழு நாள் இருந்தது. அடுத்த ரத்தம் மெல்கியோர். செத்ததாக எழுதினால் இன்றே அவனுக்கு, எழுதாவிட்டால் ஏழு நாள் கழித்து அவனுக்கு. பிள்ளை இல்லாத கித்தேரிக்கு இரண்டு வழியிலும் தாய்வீட்டுக்குப் போகிற பேருந்து நிறுத்தம்தான்.

"நான் இறங்குதேன்," என்றாள் கித்தேரி.

இந்தமுறை எல்லோரும் சிரித்தார்கள். ராமநாதபுரத்துக் கரையில் பிறந்த அவள், கல்யாணத்துக்கு முன்பு தீவோரத்தில் முங்கிப் பாசி பறித்தவள். அதை இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊர் மறக்கவில்லை.

"பாசிக்காரி, சிங்கின்னா கீரையா, கொத்தாப் பிடுங்கிட்டு வாரதுக்கு?" என்றார் தொபியாஸ். ஆனாலும் அவர் மறுக்கவில்லை, ஏனென்றால் இறங்குகிறவர் ஆணாக இருக்க வேண்டுமென்று முறையில் இல்லை. அப்படி ஒரு நாள் வருமென்று யாரும் நினைக்காததால் சேர்க்காமல் விட்டிருந்தார்கள்.

கூட்டைக் கித்தேரி வீட்டுக்குக் கொண்டுபோனாள். தென்மேற்குக் காற்றுக்கு அது நடக்கத் தொடங்கியதால், வாசல் தூணில் தென்னங்கயிற்றால் கட்டிவைத்தாள். ஊர் அதை ஏற்றுக்கொள்ள நான்கு நாள் ஆனது. பங்குச் சாமியார் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, கல்லறையில் துணியை மட்டும் விட்டுப் போனவரைக் கும்பிடுகிற நான் இதில் அவசரப்பட மாட்டேன் என்று சொல்லிப் போனார். ரேஷன் கடையில் கூட்டின் கட்டைவிரலை வைத்தபோது கருவி பச்சை விளக்குக் காட்டியது, உயிர் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை, கஸ்பாரின் பங்கு அரிசி கிடைத்தது. பெண்கள் வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அவரவர் புருஷன் முதுகைத் தடவினார்கள், எங்காவது வெடிப்பு விழத் தொடங்கியிருக்கிறதா என்று. நான்கைந்து நாளுக்கு அந்த ஊர் ஆண்கள் யாரும் சட்டையில்லாமல் திரியவில்லை. பார்க்க வந்த அதே பெண்கள்தான் கித்தேரி தண்ணீருக்குப் போனபோது குழாயடியில் அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். முங்கும்போது மாட்டுகிற கண்ணாடியை இரவல் கேட்டாள், ஒருவரும் தரவில்லை. குகையிலிருந்து சிங்கியை இழுக்கிற கஸ்பாரின் கொக்கிக் கம்பியை யாரோ வளைத்து முடிச்சுப் போட்டுக் கூரைமேல் எறிந்திருந்தார்கள். கஸ்பார் இருந்தபோதும் அந்தக் கம்பியை அவள் தொட்டதில்லை. ஒருமுறை துரு துடைக்கப் போனதற்கு அவன் மூன்று நாள் அவளிடம் பேசவில்லை.

பொனிப்பாஸ் மட்டும் வள்ளம் விட ஒப்புக்கொண்டான், பிடிப்பதில் பாதி அவனுக்கு என்று. "ஆனா தண்ணிக்குள்ள என்ன செய்யணும்னு ஒரு வார்த்த கேக்கப்பிடாது, மதினி. நான் இந்த ஊர்ல இருந்தாகணும்," என்றான்.

ஏழாம் நாள், அவளுடைய முதல் முறைநாளில், காலை பத்து மணிக்கு அவள் விரல்களில் துணி சுற்றி, தாய்வீட்டிலிருந்து வரவழைத்த கண்ணாடியை மாட்டி, காலில் துடுப்புபோல அலுமினியத் தகடு கட்டி இறங்கினாள். பார் அவளுடையது, பாருக்கு மேலே உள்ள தண்ணீர் எல்லோருக்கும் பொது. அதனால் மெல்கியோரும் வள்ளத்தோடு வந்து நின்றான், நின்று சொல்லிக்கொடுத்தான்.

"மீசையப் பிடிச்சு இழுங்க மதினி! மீசதான் அதுக்குக் கயிறு!"

அவள் நம்பி மீசையைப் பிடித்தாள். சிங்கி மீசையை அவள் கையில் விட்டுவிட்டு வாலை மடித்துப் பின்னாலேயே பாய்ந்து குகைக்குள் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. மேலே வரும்போதெல்லாம் மெல்கியோரின் வள்ளத்தில் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அன்றைக்கு மீசை ஒன்பது, சிங்கி ஒன்றுமில்லை. பாதி தருவதாகச் சொன்னதால் நாலரை மீசையைப் பொனிப்பாஸிடம் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான், சிரிக்கவில்லை.

இறங்கியதால் பங்கு நின்றது.

இரண்டாவது முறைக்கு அவள் தானாகவே கற்றுக்கொண்டாள். மீசை இரண்டும் உன் பக்கம் திரும்பினால் அதற்கு உன்னைத் தெரிந்துவிட்டது, கையை எடு. ஒரு கையை முன்னால் ஆட்டு, அது அந்தக் கையையே பார்க்கும்போது மறுகையைப் பின்னாலிருந்து கொண்டுபோ. இழுக்காதே, பாறையோடு அழுத்து, கொம்புக்குப் பின்னால் பிடி, திருகி எடு. நீவாடு என்கிற நீரோட்டம் மாறினால் பாசி சாய்வதைப் பார், நீ சாய்வதற்கு முன் மேலே போ. இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காயம் விலையாகப் போயிற்று. கடைசியாகக் கற்றதற்கு இடது கையின் சுண்டுவிரல் போயிற்று: சிங்கி குகையின் வாயில் இருந்தும் நீ வந்தபோது உள்ளே ஒடுங்கவில்லை என்றால், உள்ளே அதைவிடக் கெட்டது ஒன்று இருக்கிறது. அஞ்சாளை, கை தடிமனில் பாம்புபோன்ற மீன், இருட்டிலிருந்து வந்து விரலைக் கவ்வி, கவ்வியதை விடாமல் திருகியது. அவள் மேலே வந்தபோது கையில் ஒரு சிங்கியும் ஒன்பது விரலும் இருந்தன. மெல்கியோரின் வள்ளத்தில் அன்று யாரும் சிரிக்கவில்லை, அவர்களுக்கு அந்தக் குகை முன்பே தெரியும்.

துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் இன்னொருமுறை முங்கினாள். அஞ்சாளைக் குகைக்கு மூன்று பாகம், மூன்று கைவிரிப்புத் தூரம், தள்ளி, ஒரு குடையளவு பாறைக்கு அடியில், ஈரத்துணியை மடித்து வைத்ததுபோலக் கஸ்பார் இருந்தான். வெளுத்து, வழுவழுவென்று, எலும்பே இல்லாதவனாக, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மடிப்பு மட்டுமாக, சின்ன மீன்கள் வந்து தோளில் கொத்தும்போதெல்லாம் சுருங்கிக்கொண்டு இருந்தான். அவள் தொட்டாள், அவளிடமிருந்தும் சுருங்கினான். அவனுக்குப் பக்கத்தில் அதே நேரம் சட்டை கழற்றிய ஒரு சிங்கி, தன் பழைய ஓட்டைக் காலால் பிடித்து உட்கார்ந்து, கடித்துக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. ஓட்டின் எந்த இடத்தைத் தின்றதோ உடம்பில் அந்த இடம் அதற்கு இறுகிக்கொண்டு வந்தது. மூச்சு முட்டும்வரை கித்தேரி அதைப் பார்த்தாள்.

வள்ளத்தில் ஏறியதும் பொனிப்பாஸிடம் கேட்டாள்: "சட்ட வலையில வந்தா என்ன செய்வீய?"

அவன் துடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எடுத்த எடத்துலயே திரும்பப் போட்டுருவோம். அது தின்னுதான தேறணும்."

"அன்னைக்கு ஏன் போடல?"

"அது மெல்கியோர் வலை, மதினி."

"தெரிஞ்சவங்க எத்தன பேரு?"

"ஒங்களத் தவிர பதினேழு பேரும்."

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் கூட்டைத் தூணிலிருந்து அவிழ்த்து, அம்மிக்குழவியால், தேங்காய் உடைப்பதுபோல ஓங்காமல், முறுக்கு ஒடிப்பதுபோல மெதுவாக உடைத்தாள். எண்பத்தொரு துண்டு வந்தது. பாதம் முதல் தலை வரை வரிசையாக ஓலைப்பெட்டியில் அடுக்கினாள்.

மூன்றாவது முறையில் இருபத்துநாலு துண்டு கொண்டுபோனாள், ஒரு மூச்சுக்கு இரண்டாக முகத்தின் கீழ்மடிப்பில் வைத்து ஊட்டினாள், கால்கள் இறுகின. சிங்கி மூன்று. நாலாவது முறையில் இருபத்தாறு; வயிறும் நெஞ்சும். சிங்கி ஏழு, சினை வைத்த ஒன்றைத் திரும்ப விட்டாள். ஐந்தாவது முறையில் பத்தொன்பது. தோள், கை, மண்டை. சிங்கி பதினொன்று, அந்த மாதம் எந்தப் பங்குக்கும் அத்தனை கிடைக்கவில்லை. கரையில் அவள் கூடையை இறக்கியபோது ஏலக்காரர் குரல் எடுக்கவே இல்லை. கைகட்டிக் கடலைப் பார்த்தார். பொனிப்பாஸ் வள்ளத்தின் நங்கூரக் கயிற்றில் கத்தி பட்ட இடம் இருந்தது. வாசலில் யாரோ அழுகிய திருக்கையைப் போட்டிருந்தார்கள், ஒவ்வொரு நாளும் ஒன்று, ஞாயிறு மட்டும் இல்லை.

மீதி பன்னிரண்டு துண்டும் முகம். சாமியார் வருடாந்தத் தியானத்துக்குப் போயிருந்த அந்த வாரம், கித்தேரி கையின் புண்ணுக்கு மருந்து கட்ட டவுனுக்குப் போயிருந்த ஒரு பகலில், மெல்கியோர் பூட்டை உடைத்து ஓலைப்பெட்டியை எடுத்து, ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, உபதேசியாரை வைத்து ஜெபம் சொல்லி, கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டான். முகம்தான் ஆள் என்று உபதேசியார் சொன்னாராம். சிலுவையில் பெயர்கூட எழுதியாகிவிட்டது, கோயில் ஏட்டில் செத்ததாக எழுதச் சாமியார் திரும்பி வருவதுதான் பாக்கி.

ஆறாவது முறைநாள் கித்தேரி இறங்கியபோது கஸ்பார் குகைக்கு வெளியே, நின்ற நிலையில், பாறையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவனுடைய கையைத் தோளில் போட்டு மேலே கொண்டுவந்தாள். ஒன்பதரை மணிக்கு அவன் கரையில் நடந்தான், தேன் நிறத்தில், தட்டினால் டொக் டொக்கென்று கேட்கிற உடம்போடு, முகம் மட்டும் வெந்த முட்டைபோல. ஊர் கூடியது. பயந்தவர் யாரும் இல்லை. மெல்கியோருக்குத்தான் முகம் கறுத்தது.

"இது யாரு?" என்றான். "எங்க அண்ணனுக்கு மூஞ்சி உண்டு."

தொபியாஸ் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, பார்த்துப் பேசுகிறவர்போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "மூஞ்சி முழுசா இல்லாதவன் ஆளு கணக்குல வரமாட்டான். அவனுக்குப் பங்கும் இல்ல, வாக்கும் இல்ல. எட்டுப் பங்கும் கேட்டுக்கங்க, இதுதான் முடிவு."

"சரி," என்றாள் கித்தேரி. "எட்டுப் பேரும் கேட்டுட்டியள்லா?" ஒவ்வொருவராகத் தலையாட்டும்வரை நின்றாள். பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள்.

அவள் தோண்டியது உச்சிவெயிலில், எல்லோரும் பார்க்க, மண்வெட்டி யாரும் தராததால் காலில் கட்டுகிற தகடு ஒன்றால். தடுக்க வந்த மெல்கியோரைத் தடுத்தது பொனிப்பாஸ்; அவன் குறுக்கே நின்றான், அவ்வளவுதான். பெட்டிக்குள் பன்னிரண்டு துண்டும் இருந்தன. அவள் கரைக்கு வந்து, கஸ்பாரை மணலில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து ஊட்டத் தொடங்கினாள். தாடை ஒன்று. கன்னம் இரண்டு. காது இரண்டு, அவன் அலைச் சத்தத்துக்குத் தலை திருப்பினான். மேலுதடு, கீழுதடு. ஏழு.

அவன் வாயைத் திறந்து மூடிப் பழகினான். கூட்டம் நெருங்கி வந்தது.

"எட்டி," என்றான் கஸ்பார். பழைய குரலேதான். "எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன், தண்ணிக்குள்ள. என் பார்ல பொம்பள காலு வச்சியா? எவன்ட்டக் கேட்டு வச்ச?"

கித்தேரி அடுத்த துண்டைக் கையில் வைத்திருந்தாள்.

"மெல்கியோரு இருக்கானா? தம்பி, இனி என் முறைக்கு நீ இறங்கு. நான் கை நல்லாத் தேறுற வரைக்கும் பங்க நீயே வச்சுக்க. இவள நாளைக்கு பஸ் ஏத்தி விடு. ஊரு சிரிக்க வச்சுட்டா."

மெல்கியோர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். "கேட்டீயளா, தலைவரே? அண்ணன் வாயாலயே சொல்லியாச்சு."

தொபியாஸ் வாயைத் திறப்பதற்குள் கித்தேரி எழுந்துவிட்டாள். சுண்டுவிரல் இல்லாத இடது கையால் கஸ்பாரின் முகத்தைப் பிடித்து, பாறையோடு சிங்கியை அழுத்துகிற அதே அழுத்தத்தில், கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"மூஞ்சி முழுசா இருக்கா, பாருங்க. முழுசா இல்லாதவன் ஆளு கணக்குல வரமாட்டான், அவனுக்கு வாக்கு கெடையாது. எட்டுப் பேரும் தலையாட்டின முடிவு. பங்குக்காரரு இன்னும் வரல, அவருக்காக இன்னைக்கும் நான்தான் இறங்குதேன்."

"இன்னும் நாலு துண்டு, அஞ்சு துண்டுதான, அதையும் போட்டு விடும்மா," என்றார் உபதேசியார், குரலைத் தாழ்த்தி.

"போடலாம்," என்று மீதியை முந்தானையில் முடிந்துகொண்டாள் கித்தேரி. "என் துண்டு. நான் வச்சிருக்கேன்."

மெல்கியோர் பாய்ந்தான். அவள் அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். பொனிப்பாஸ் வள்ளத்தைத் தள்ளிவிட்டிருந்தான். மெல்கியோர் தன் வள்ளத்துக்கு ஓடினான், ஆனால் முறை அவளுடையது, அன்று பொழுது சாயும்வரை குடைப்பாரில் வேறு யார் இறங்கினாலும் அவர் பங்கு முங்கிவிடும், அதை அவனுக்குத் தொபியாஸே பின்னாலிருந்து கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கரையில் கஸ்பார் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல், "எட்டி, எட்டி," என்று எல்லாத் திசையிலும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் என்ன செய்வீய, மதினி?" என்று பொனிப்பாஸ் கேட்டான்.

அவள் நீவாடு எந்தப் பக்கம் என்று பார்த்தாள். கண்ணாடியை மாட்டுவதற்கு முன், முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்து, மறுபடி இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கண்ணிமை இரண்டு, புருவம் இரண்டு, மூக்கு ஒன்று. மீதி ஐந்து.